ஃபீஸ் கட்டினால் போதுமா? பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையில் ஏழைப் பிள்ளையின் படிப்பு

பாறசாலையைத் தாண்டினால் இஞ்சிவிளை, அதையும் தாண்டினால் களியக்காவிளை. கடைப் பலகையில் எழுத்து மாறுவதை வைத்துத்தான் மாநிலம் மாறியது தெரியும். பனச்சமூட்டிலும் ஊரம்பிலும் அதுகூடக் கலந்தே கிடக்கும். ரப்பர் வெட்டு, கொத்தனுக்குக் கையாள், செங்கல் சூளை, பொழியூர் பக்கம் கடல் தொழில், பாலராமபுரத்தில் தறி என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே பிழைப்பு. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலை, கேரளத்தில் ‘தொழிலுறப்பு’. கூலி எப்போது கணக்கில் ஏறும் என்று காத்திருப்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஜூன் பிறந்தால் இங்கே மழையும் பள்ளிக்கூடமும் சேர்ந்து வரும். மழைக்கவசம் போடாத ரப்பர் மரத்தில் வெட்டு நின்றுவிடும். மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை ஜூனில் தொடங்கி ஜூலை கடைசி வரை ஓடும். கட்டுமான வேலை பாதியாகும். வருமானம் படுத்துக்கொள்ளும் அதே வாரத்தில் பை, குடை, நோட்டு, செருப்பு என்று செலவு எழுந்து நிற்கும். கம்மல் அடகுக்குப் போகிற மாதம் அது.

இந்தப் பகுதியில் ஏழைப் பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் சில நம்பிக்கைகள் திரும்பத் திரும்பக் காதில் விழும். அவற்றில் பாதி, ஏழையின் தலையிலேயே பழியைப் போடுபவை. மறு பாதி, சட்டம் கொடுத்திருப்பதைக்கூட அவனைக் கேட்கவிடாமல் செய்பவை. இரண்டாவது வகைதான் எனக்கு அதிகக் கோபம் தருகிறது. கொடுக்க வேண்டியதே இல்லாத பணத்துக்காக ஒருத்தி வட்டிக்கு வாங்கிக்கொண்டிருப்பாள், அது தேவையில்லை என்று அவளுக்குச் சொல்ல ஆள் இருக்காது.

“சர்க்கார் ஸ்கூலில் எல்லாம் ஃப்ரீ. பின்னே என்ன கஷ்டம்?”

பாதி உண்மை. 2002-ல் அரசமைப்புச் சட்டத்தின் 86-ஆவது திருத்தம் 21ஏ பிரிவைக் கொண்டுவந்தது. அதையொட்டி 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி. கேரளத்தில் இதற்கு முன்பே அடித்தளம் போடப்பட்டிருந்தது. 1957-ல் வந்த முதல் அமைச்சரவையில் கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த மசோதா, குடியரசுத் தலைவரால் உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பப்பட்டு, 1958 மே மாதம் கருத்துரை பெற்று, திருத்தங்களோடு 1959-ல் அமலுக்கு வந்தது. அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியருக்குச் சம்பளத்தை அரசு கொடுக்கும், பிள்ளையிடம் படிப்புக் கட்டணம் வாங்கக் கூடாது என்ற ஏற்பாடு இந்த வழியில்தான் நிலைத்தது. அதனால் பாறசாலைப் பக்கத்தில் ‘மானேஜ்மெண்ட் ஸ்கூல்’ என்று சொல்லப்படும் பள்ளிகளில் பல, கட்டணம் வாங்காத உதவி பெறும் பள்ளிகள். இது தெரியாமல் ‘மானேஜ்மெண்ட்’ என்ற பெயரைக் கேட்டே பயந்து ஒதுங்குகிற குடும்பங்கள் இன்றும் உண்டு.

ஆனால் கட்டணம் இல்லை என்பதும் செலவு இல்லை என்பதும் வேறு வேறு. மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2025-ல் கல்விச் செலவு பற்றி ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டது. நாடு முழுக்க அரசுப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2,863 ரூபாயும், மற்றப் பள்ளிகளில் 25,002 ரூபாயும் வீட்டிலிருந்து செலவாகிறது. அரசுப் பள்ளியில் படிப்புக் கட்டணம் கட்டியதாகச் சொன்னவர்கள் 26.7 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 95.7 சதவீதம். அதாவது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் கட்டணம் என்று ஒரு காசும் கட்டவில்லை. இருந்தும் செலவு இருக்கிறது. வருஷத்துக்கு மூவாயிரம் ரூபாய் சின்னத் தொகை என்று நினைப்பவர்கள், மூன்று பிள்ளைகள் உள்ள ஒரு சூளைத் தொழிலாளி வீட்டில் ஜூன் மாதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். சராசரி வருஷம் முழுக்கப் பரவிக் கிடப்பது, அந்த வீட்டுச் செலவோ பத்து நாளில் வந்து குவிவது.

அந்தச் செலவில் பெரும்பகுதி எந்த ரசீதிலும் வராது. பஸ் காசு, டியூஷன், வாட்ஸ்ஆப்பில் வரும் வீட்டுப்பாடத்தைப் பார்க்க போன் ரீசார்ஜ், ‘ப்ராஜெக்ட்’ என்று ஆசிரியர் சொன்னதும் ஓடிப்போய் எடுக்கும் கலர் பிரிண்ட், ஆண்டுவிழா உடுப்பு. பிறந்தநாளுக்கு வகுப்பில் மிட்டாய் கொடுக்க முடியாத பிள்ளை அன்றைக்கு வயிற்றுவலி என்று சொல்லி லீவு போடும். இது ஃபீஸ் கணக்கில் சேராது, ஆனால் வருகைப் பதிவேட்டில் தெரியும்.

பள்ளிகள் தாமாக ஏதாவது வசூல் செய்தால்? கல்வி உரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடிக்கவிடாமல் தடுக்கக்கூடிய எந்தக் கட்டணமும் எந்தச் செலவும் பிள்ளை மேல் சுமத்தப்படக் கூடாது என்கிறது. பி.டி.ஏ. நிதி, கட்டட நிதி என்று எந்தப் பெயரில் கேட்டாலும், கொடுக்க முடியாதவர் ‘முடியாது’ என்று சொல்லலாம். சொன்னதற்காகப் பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்தக் கூடாது. மனத்தை நோகடிக்கும் தண்டனையை அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடைசெய்கிறது.

சீருடை பற்றி ஒரு நல்ல செய்தி, இந்தத் தாலுகாவோடு ஒட்டியது. கேரள அரசு 2017-ல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைத்தறிச் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அந்தத் துணியை நெய்பவர்களில் பாலராமபுரத்துக்காரர்களும் உண்டு. பாலராமபுரம் என்றால், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலராம வர்மா காலத்தில், திவான் உம்மிணித் தம்பி தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர்களை அழைத்து வந்து குடியமர்த்திய நெசவு ஊர். அந்தத் தெருக்களில் பாவு ஓடிய வீடுகள் பல தறியைக் கழற்றிப் போட்டுவிட்டன. சீருடைத் துணி வந்த பிறகு கொஞ்சம் வேலை கிடைத்தது. நெய்தவரின் கூலி வங்கிக் கணக்குக்கு வரத் தாமதமாகிறது என்ற குறை இருந்தாலும், ஏழைப் பிள்ளையின் உடுப்பை ஏழை நெசவாளியே நெய்து தரும் இந்த ஏற்பாடு, நான் அறிந்த அரசுத் திட்டங்களில் மனதுக்கு நெருக்கமான ஒன்று.

“அந்த ஜனங்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை”

இந்தப் பேச்சுக்கு இந்த மண்ணிலேயே பதில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது.

இன்னொரு நம்பிக்கையும் இதோடு ஒட்டிக்கொண்டு வரும்: ‘திருவிதாங்கூரில் ராஜா காலத்திலேயே எல்லோருக்கும் படிப்பு கொடுத்துவிட்டார்கள்.’ 1817-ல் ராணி கௌரி பார்வதி பாய் வெளியிட்ட ஆணை, கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்று சொன்னது உண்மை. அப்படியொரு ஆணை அந்தக் காலத்தில் வந்தது பெருமைதான். ஆனால் அந்த ஆணைக்குப் பிறகு தொண்ணூறு ஆண்டுகள் ஆகியும் புலையர் வீட்டுப் பிள்ளை சர்க்கார் பள்ளிக்குள் கால் வைக்க முடியவில்லை. பள்ளி இருக்கும் தெருவிலேயே நடக்கக் கூடாது என்ற நிலையில், பள்ளிச் செலவை யார் ஏற்றால் என்ன?

வெங்ஙானூரில் 1863-ல் புலையர் வீட்டில் பிறந்த அய்யங்காளி எழுதப் படிக்கத் தெரியாதவர். 1893-ல் வில்வண்டியில் ஏறி, தடைசெய்யப்பட்ட பொதுவழியில் போனவர். தம் மக்களின் பிள்ளைகளுக்காக அவர் வெங்ஙானூரில் கட்டிய பள்ளிக் கொட்டகையை எதிர்த்தவர்கள் எரித்தார்கள், இவர்கள் மறுபடி கட்டினார்கள். 1907-ல் சாது ஜன பரிபாலன சங்கம் அமைத்தார். பள்ளிச் சேர்க்கைக்கு அரசாணை வந்தும் உள்ளூர் அதிகாரிகளும் நிலக்காரர்களும் அதை நடக்கவிடவில்லை. அப்போது அவர் எடுத்த ஆயுதம், வயல் வேலை நிறுத்தம். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் நாங்கள் இறங்கமாட்டோம் என்ற கோரிக்கை. வேலைநிறுத்தம் நீண்டது. தின்னச் சோறு இல்லாத வீடுகள் அவை. அந்த நாட்களில் விழிஞ்ஞம் கடற்கரை மீனவர்கள் அவர்களைத் தொழிலுக்குச் சேர்த்துக்கொண்டார்கள் என்று வரலாற்றில் பதிவு உண்டு. கடைசியில் கண்டல நாகம் பிள்ளை என்ற நீதிபதி நடுவராக இருந்து சமரசம் செய்ய வேண்டி வந்தது.

கூலி உயர்வும் அந்தப் போராட்டத்தில் கேட்டார்கள். ஆனால் பிள்ளைகளின் படிப்புக்காக விவசாயத் தொழிலாளர்கள் பட்டினி கிடந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இதற்கு இணையாக இந்தியாவில் வேறு எங்கு நடந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அக்கறை இல்லாத ஜனங்கள் செய்கிற காரியமா இது?

ஆணை மறுபடியும் உறுதிசெய்யப்பட்ட பிறகு, அய்யங்காளி ஊரூட்டம்பலத்துப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கு ஒரு சிறுமியைக் கைப்பிடித்து அழைத்துப் போனார். பூசாரி அய்யன் என்பவரின் மகள் பஞ்சமி. ஆண்டு 1910 என்றும் 1914 என்றும் எழுதப்படுகிறது. பிள்ளை உள்ளே உட்கார்ந்ததும் மற்றப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெரியவர்கள் வெளியேறினார்கள். அந்தப் பிள்ளை தொட்டு ‘தீட்டான’ பள்ளிக்கே தீ வைத்தார்கள். கலவரம் சுற்று வட்டார ஊர்களுக்கும் பரவியது. அந்தத் தீயில் பாதி எரிந்து மிஞ்சிய பெஞ்சு ஒன்று அந்தப் பள்ளியில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. 2022-ல் கேரள அரசு அந்தப் பள்ளிக்கு அய்யங்காளி, பஞ்சமி இருவரின் பெயரையும் சூட்டியது. சேர்க்க மறுத்த பள்ளிக்கே அந்தப் பிள்ளையின் பெயர். போய்ப் பார்க்க முடிந்தவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும்.

1911-ல் அய்யங்காளி திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்டார். அங்கே அவர் கேட்டவற்றில் நிலம் உண்டு, பள்ளிச் சேர்க்கை உண்டு, பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. கதவு திறந்தாலும் கட்டணம் நிற்கும் என்பது எழுத்தறியாத அந்த மனிதருக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது. 1914-ல் வெங்ஙானூர்ப் பள்ளிக்கு அனுமதி கிடைத்தபோது பாடம் சொல்லித்தர வந்த பரமேஸ்வரன் பிள்ளை என்ற ஆசிரியருக்கு, போகவும் வரவும் காவலுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஒரு வாத்தியார் பாடம் நடத்துவதற்குக் காவல் வேண்டியிருந்த காலத்திலும் தன் பிள்ளையை அந்தப் பள்ளிக்கு அனுப்பிய தாயின் வம்சத்தைத்தான் இன்று ‘படிப்பில் அக்கறை இல்லாதவர்கள்’ என்கிறார்கள்.

“ஃபீஸ் பாக்கி இருந்தால் டி.சி. தரமாட்டார்கள்”

எல்லையில் இந்த நம்பிக்கையைப் போல் குடும்பங்களைக் கட்டிப்போடும் நம்பிக்கை வேறு இல்லை. கதை ஏறக்குறைய எப்போதும் இப்படித்தான் போகும். மகன் பிறந்ததும் ‘இங்கிலீஷ் மீடியம்’ ஆசை. அப்பா வளைகுடாவில் வேலை பார்த்த இரண்டு வருஷம் வேன் ஃபீஸும் டெர்ம் ஃபீஸும் ஒழுங்காகப் போகும். அவர் திரும்பி வந்து சும்மா இருக்கும் வருஷத்தில் பாக்கி விழும். அரசுப் பள்ளிக்கு மாற்றலாம் என்று அம்மா நினைப்பாள். பாக்கியைத் தீர்த்தால்தான் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) என்று சொல்லிவிடுவார்கள். தீர்க்கக் காசு இல்லை. அதனால் இன்னொரு வருஷமும் அதே பள்ளியில் ஓடும், பாக்கி இன்னும் ஏறும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? எட்டாம் வகுப்பு வரை, அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாற விரும்பும் பிள்ளைக்குத் தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே கொடுக்க வேண்டும். அது வரத் தாமதமானால்கூட, புதிய பள்ளி அந்தக் காரணத்தைச் சொல்லிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. டி.சி. கையில் இல்லாமலே அரசுப் பள்ளி வாசலில் போய் நிற்கலாம், சேர்க்க வேண்டியது அவர்கள் கடமை. பிறப்புச் சான்று இல்லை என்பதும் காரணமாகாது, 14-ஆம் பிரிவு அதையும் தடுக்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், மாற்றுச் சான்றிதழ் என்பது கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவி அல்ல, அதில் பாக்கி என்று எழுதவும் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. பாக்கி வேண்டுமானால் பள்ளி பெற்றோரிடம் சட்டப்படி கேட்கட்டும், பிள்ளையின் காகிதத்தைப் பிடித்து வைக்கக் கூடாது.

இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அங்கன்வாடிச் சுவரிலும் கேரளத்தின் அக்ஷயா சேவை மையத்திலும் ஒட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும் என்று நினைக்கிறேன்.

“நிலம் இல்லாதவனுக்கு வங்கியில் படிப்புக் கடன் இல்லை”

பஞ்சமியின் ஊரூட்டம்பலம் இருந்த அதே பழைய நெய்யாற்றின்கரைத் தாலுகாவில்தான் வெள்ளறடையும். அந்த ஊர்ப் பெண் ரஜனி எஸ். ஆனந்த். தலித் குடும்பம், அடூரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தார். 2004 ஜூலை 22 அன்று திருவனந்தபுரத்தில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். படிப்பைத் தொடரப் பணம் இல்லாததும் வங்கிக் கடன் கிடைக்காததும் அவரை நெருக்கியதாக அன்று கேரளம் முழுக்கப் பேசப்பட்டது. மாணவர் போராட்டம் மாநிலம் எங்கும் வெடித்தது. சுயநிதிக் கல்லூரிகள் வேகமாகப் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு சாவுக்கு ஒரே ஒரு காரணத்தைச் சுட்டிவிட முடியாது. ஆனால் ஈடு காட்ட நிலம் இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு உயர்கல்வி எட்டாக்கனி என்ற நிலையை அந்தச் சாவு எல்லோர் முகத்துக்கு முன்னாலும் கொண்டுவந்து வைத்தது.

இதில் என்னை இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு. 2001-லேயே இந்திய வங்கிகள் சங்கம் கல்விக் கடனுக்கு ஒரு மாதிரித் திட்டத்தை வகுத்திருந்தது. 4 லட்சம் ரூபாய் வரை ஈடு வேண்டாம், பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும் என்பது அதன் அடிப்படை. விதி அப்போதே இருந்தது. வங்கிக் கவுண்டருக்கு முன்னால் நிற்கும் பெண்ணுக்கு அது போய்ச் சேர வழி இல்லை.

இப்போது நிலைமை காகிதத்தில் இன்னும் மேல். 2015-க்குப் பிறகு, 7.5 லட்சம் வரையான கல்விக் கடனுக்கு அரசின் உத்தரவாத நிதி இருக்கிறது, வங்கி ஈடு கேட்கத் தேவையில்லை. ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குக் கீழ் உள்ள குடும்பத்துக்குப் படிப்புக் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்தால் எந்த வங்கி எப்போது என்ன பதில் சொன்னது என்பது பதிவாகும். ‘இங்கே தருவதில்லை’ என்று வாய்ப்பேச்சில் திருப்பி அனுப்புவதற்கு இது ஒரு தடை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் பலருக்குப் பதில் மாறிவிடுகிறது.

கடனுக்கு முன்னால் பார்க்க வேண்டியது உதவித்தொகை. தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கான மத்தியத் திட்டத்தில், பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளுக்கு வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம். கேரளத்தில் இது இ-கிராண்ட்ஸ் இணையதளம் வழியாக நடக்கிறது. பணம் வருவதற்கு மாதக்கணக்கில், சில நேரம் அதற்கும் மேல் தாமதமாகிறது என்று மாணவர்கள் சமீப ஆண்டுகளில் தெருவில் இறங்கினார்கள். தாமதமாக வரும் உதவித்தொகை, விடுதிக்குப் பணம் கட்ட வேண்டிய மாதத்தில் இல்லாத உதவித்தொகையே. தமிழ்நாட்டில் 2012-ல் வந்த ஆதிதிராவிடர் நலத் துறையின் 92-ஆம் எண் அரசாணை, வருமான வரம்புக்குள் உள்ள ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடர் பிள்ளைகளின் கட்டணத்தை அரசே ஏற்க வழிசெய்தது.

“ரோட்டுக்கு இந்தப் பக்கம் கிடைப்பது அந்தப் பக்கமும் கிடைக்கும்”

கிடைக்காது. எல்லையில் வாழ்பவர்கள் இதைத் தெரியாமல்தான் அதிகம் இழக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் இன்று தமிழ்நாடு எனப்படும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது, அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. அன்று போடப்பட்ட கோடு சொந்தபந்தங்களை அவ்வளவாகப் பிரிக்கவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் நடக்கிறது. ஆனால் பிள்ளையின் சான்றிதழை அந்தக் கோடு பிரித்துவிட்டது.

தாழ்த்தப்பட்ட வகுப்பு என்ற தகுதி மாநிலத்தோடு கட்டுப்பட்டது. ஒரு மாநிலத்துப் பட்டியலில் இருப்பதால் இன்னொரு மாநிலத்தில் குடியேறியவருக்கு அந்தச் சலுகை தானாக வராது என்று உச்ச நீதிமன்றம் 1990-ல் மர்ரி சந்திரசேகர் ராவ் வழக்கில் தீர்த்துச் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டுப் பட்டியலுக்குள்ளேயே, கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டைத் தாலுகாவிலும் மட்டும் செல்லும் என்று குறிப்பிடப்பட்ட சமூகங்கள் உண்டு, பழைய திருவிதாங்கூரின் எச்சம் அது. கலியாணமாகிப் பளுகலில் இருந்து வெள்ளறடைக்கு வந்த பெண்ணின் சாதிச் சான்றும், அவள் பிள்ளையின் சான்றும் எந்த மாநிலத்தில் எடுக்க வேண்டும் என்பது தகப்பனின் பூர்வீகத்தைப் பொறுத்து வில்லேஜ் ஆபீசில் கேட்டுத் தெளிய வேண்டிய விஷயம். அது பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த பிறகு தொடங்க வேண்டிய வேலை அல்ல.

தனியார் பள்ளியில் ஏழைக்கு 25 சதவீத இடம் என்பதை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் அது இருக்கிறது. தமிழ்நாடு அதை 2013 முதல் நடத்தி வருகிறது. 2025-ல் மத்திய நிதி நிறுத்தப்பட்டதால் சேர்க்கை தடைபட்டு, அந்த ஆண்டின் பிற்பகுதியில் மறுபடி தொடங்கியது. கேரளம் அந்தப் பிரிவை நடைமுறைப்படுத்தவில்லை. அரசுப் பள்ளியும் உதவி பெறும் பள்ளியும் பக்கத்திலேயே இருக்கின்றன என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆகவே களியக்காவிளைத் தோழி சொன்னதைக் கேட்டுப் பாறசாலையில் தனியார் பள்ளியில் போய் 25 சதவீதம் என்று கேட்டால் கிடைக்காது.

கல்லூரிச் சேர்க்கையில் நிலை இப்படி. பாறசாலைப் பக்கம் வீடு, மார்த்தாண்டம் பக்கம் பள்ளி என்று எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்த கேரளத்துப் பிள்ளை, தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விண்ணப்பிக்கலாம், ஆனால் பொதுப் பிரிவில்தான் சேர்ப்பார்கள். சாதி ஒதுக்கீடு இல்லை. அதேபோல் தமிழ்நாட்டுப் பூர்வீகத்தோடு கேரளத்தில் எட்டு முதல் பன்னிரண்டு வரை படித்த பிள்ளையை, கேரள நுழைவுத் தேர்வு ஆணையர் ‘கேரளத்தவர் அல்லாதோர்’ என்ற பிரிவில் வைப்பார். மெரிட் இடம் கிடைக்கும், சமூக ஒதுக்கீடும் கட்டணச் சலுகையும் கிடைக்காது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நிலை. இரண்டு பக்கமும் பாதிக்கப்படுவது, வீடு ஒரு பக்கமும் பள்ளி மறு பக்கமுமாக இருக்கும் ஏழைப் பிள்ளை. காசு இருப்பவனுக்கு நிர்வாக ஒதுக்கீடு இருக்கிறது. இரண்டு மாநில அரசுகளும் உட்கார்ந்து பேசி, எல்லைத் தாலுகாப் பிள்ளைகளுக்கென்று இதில் ஒரு விலக்கு செய்திருக்க வேண்டும். எழுபது வருஷம் ஆகப்போகிறது.

அது வரும்வரை செய்யக்கூடியது, ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு முன்னாலேயே யோசிப்பதுதான். காரணம், தமிழ்நாட்டின் பெரிய சலுகைகள் ஆறாம் வகுப்பிலிருந்து கணக்கிடப்படுகின்றன. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது, மறு ஆண்டு பொறியியல் முதலான படிப்புகளுக்கும் விரிந்தது, அதில் சேரும் பிள்ளையின் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அதற்கு 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 2022-ன் புதுமைப் பெண் திட்டமும், பையன்களுக்காக 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் 6 முதல் 12 வரையான பள்ளிப் படிப்பைத்தான் பார்க்கின்றன. ஏழாம் வகுப்பில் ஒரு வருஷம் பாட்டி வீட்டில் தங்கிப் பனச்சமூட்டின் கேரளப் பக்கப் பள்ளியில் படித்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். குடும்பத்தில் யாரும் அதை அப்போது நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தகப்பனின் பூர்வீகம் எந்த மாநிலம், ரேஷன் கார்டு எங்கே, சாதிச் சான்று எங்கே எடுக்க முடியும் என்ற மூன்றையும் ஐந்தாம் வகுப்புப் பரீட்சை லீவிலேயே பார்த்துவிட வேண்டும். கேரளமானால் அக்ஷயா மையம், தமிழ்நாடானால் இ-சேவை மையம். ஆதார், ரேஷன் கார்டு, அப்பா அம்மாவின் பள்ளிச் சான்றிதழ், பிள்ளையின் பெயரில் ஆதார் இணைத்த வங்கிப் பாஸ்புக் ஆகியவற்றை ஒரு கவரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் காகிதத்திலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். மலையாளத்தில் ஒரு மாதிரியும் தமிழில் ஒரு மாதிரியும் எழுதி, ஆங்கிலத்தில் மூன்றாவது மாதிரி ஆன பெயர்கள் இந்தப் பகுதியில் ஏராளம். உதவித்தொகை விண்ணப்பம் தள்ளுபடி ஆவதற்கு அந்த ஓர் எழுத்தே போதும். அதைத் திருத்த ஐந்தாம் வகுப்பில் நேரம் உண்டு, பிளஸ் டூ முடித்த ஜூன் மாதத்தில் இல்லை.